இருபது நிமிடம், ஒரு கண்ணாடிக் குழாய்

அகரம், தாடிக்கொம்புப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாடி விரியன் புதிதல்ல. அதன் நஞ்சு, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டு, உடலில் உள்ள இருப்பையெல்லாம் தீர்த்துவிடும். பிறகு சிறு காயத்தில் வரும் இரத்தம்கூட நிற்காது. கடிவாயில் கசிவு, பல் ஈறில் இரத்தம், சிறுநீர் சிவப்பது ஆகியவை அடையாளங்கள். சிறுநீரகம் பழுதாகலாம், மூளையில் கசிந்தால் உயிரே போகலாம்.

கடிபட்டவர் முதலில் தெம்பாகவே இருப்பார். "ஏதோ பூச்சிக்கடி, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வேர் வாங்கிக் கொடுப்பதிலும் மந்திரிப்பதிலும் போகும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது. கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

மருத்துவமனையில் எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. நச்சுமுறி மருந்து தேவை. பிளாஸ்டிக் குழாயோ சோப்பால் கழுவிய குழாயோ தவறான முடிவு காட்டும். முதல் முறை உறைந்தாலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். கல்லீரல் புதிய புரதங்களைச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அவசர சிகிச்சை கேட்டு வருபவரை அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதனால் தனியார் மருத்துவமனைகளும் சுகாதாரத் துறைக்குத் தகவல் தர வேண்டும்.

ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டில் பாம்புக்கடி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாம்புக்கடிதான் காரணம் என்பதற்கு உடனடி மருத்துவமனைப் பதிவு வேண்டும். ஆகவே மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டில் "பாம்புக்கடி" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சீட்டையும் சோதனை முடிவையும் பத்திரப்படுத்துங்கள். இரவில் வரப்பில் இறங்கும்போது டார்ச்சும் பூட்ஸும் கட்டாயம் இருக்கட்டும்.