3 ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு துப்பறிவாளர்!

துப்பறியும் கதை என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசைதானே? விண்வெளிக் கதை என்றாலும் விடமாட்டீர்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் கிடைத்தால்?

அப்படி ஒரு நாவல், 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்'. 'எஃகுக் குகைகள்' என்று பொருள். எழுதியவர் ஐசக் அசிமோவ். 1920ல் ரஷ்யாவில் பிறந்து, 3 வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். நாவல் 1953ல் தொடர்கதையாக வந்து, 1954ல் புத்தகமானது.

கதை நடப்பது இன்னும் சுமார் 3 ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு! நியூயார்க் நகரம் முழுவதும் எஃகுக் கூரைக்குள் அடங்கிவிட்டது. தெருவில் நகரும் நடைபாதைகள். தட்டில் ஈஸ்ட்டிலிருந்து தயாரித்த உணவு. வானத்தையே பார்க்காமல் வளர்ந்த மக்களுக்கு வெட்டவெளி என்றாலே நடுக்கம்!

நகருக்கு வெளியே, வேறு கோள்களிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு. அங்கே ஒரு விஞ்ஞானி கொல்லப்படுகிறார். துப்பறிய வருபவர் எலைஜா பெய்லி. அவருக்குத் துணை, அச்சு அசலாக மனிதனைப் போலவே இருக்கும் ரோபோ, டானீல். தங்கள் வேலையைப் பறிக்கும் ரோபோக்களைப் பூமி மக்களுக்கு அறவே பிடிக்காது. பெய்லிக்கும்தான்!

இனிதான் புதிர். நகரத்து வழியாகக் குடியிருப்புக்குள் போனால் சோதனை உண்டு. ஆயுதம் கொண்டு போக முடியாது. வெட்டவெளி வழியாகப் போக நகரவாசி எவருக்கும் துணிவில்லை. ரோபோ கொன்றிருக்குமா? மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதுதான் ரோபோக்களுக்கு அசிமோவ் வகுத்த முதல் விதி. அப்படியானால் கொன்றது யார்?

விஞ்ஞானக் கதையில் துப்பறிதல் சரிப்படாது என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் சொல்லி வந்தார். புதுப்புதுக் கருவியைக் காட்டிக் குற்றவாளியைச் சட்டென்று பிடித்துவிடலாமே! அசிமோவ் அந்தக் குறுக்கு வழியில் போகவில்லை. அந்த உலகின் விதிகளை முன்கூட்டியே நமக்குச் சொல்லிவிடுகிறார். துப்புகளும் நம் கண்ணெதிரேதான் கிடக்கின்றன. பெய்லிக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், யோசிப்பதுதான் பாக்கி!

பெய்லியும் அவசரப்பட்டுத் தவறாகக் குற்றம் சாட்டி அவமானப்படுகிறார். பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவரைச் சந்தேகிப்பது வேறு, சான்றோடு சந்தேகிப்பது வேறு என்று அப்போது புரிகிறது. வகுப்பில் பென்சில் காணாமல் போனால், நமக்குப் பிடிக்காதவன் மேல்தானே முதலில் சந்தேகம் வருகிறது?

இன்னொரு வியப்பு. இத்தனை நெரிசலான பூமியில் மக்கள்தொகை 800 கோடி என்று எழுதினார் அசிமோவ். நிஜ உலகம் அந்த எண்ணிக்கையை 2022லேயே தொட்டுவிட்டது! ஆனால், நாம் இன்னும் திறந்த வானத்தின் கீழேதான் விளையாடுகிறோம்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் மேல் சந்தேகம், என்ன காரணம் என்று குறித்து வாருங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அண்ணனையோ அக்காவையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் முன்னாலேயே புரட்டிவிடாதீர்கள். பெய்லியை முந்திக் கண்டுபிடிக்க முடிகிறதா, பார்ப்போம்!