நியமன அதிகாரம்

ஆதனமுடையான் ஒருவன் தன் மரணசாதனத்தை எழுதுங்கால், பிள்ளைகளின் பிற்காலத் தேவைகளை முற்றாக அறிதல் அரிது. ஆதலின் ஆங்கிலச் சட்டம் அவனுக்கு ஒரு வழி வகுத்துள்ளது. மனைவி தன் ஆயுட்காலம் வரை ஆதனத்தின் வருவாயை அனுபவிக்க, அவளுக்குப் பின் அவ்வாதனம் பிள்ளைகளுள் எவர்க்கு எவ்வளவு என வகுக்கும் உரிமையை அவளிடமே அவன் ஒப்படைக்கலாம். இதுவே நியமன அதிகாரம் எனப்படும். பெறுவோர் இவ்வாறு குறித்த ஒரு வகுப்பினராயின் அது சிறப்பதிகாரம். தன்னையும் உட்பட எவரையும் நியமிக்கலாமாயின் அது பொது அதிகாரம்.

அதிகாரம் வேறு, நம்பிக்கைப் பொறுப்பு வேறு. பொறுப்பாளர் பங்கிட்டேயாதல் வேண்டும். அதிகாரம் மட்டும் பெற்றோர் வாளாவிருப்பின், நீதிமன்றம் அவரை வற்புறுத்தாது. சாதனத்தில் மாற்றாகக் குறிக்கப்பட்டோரை ஆதனம் சேரும்.

எனினும் அதிகாரம் மனம்போனவாறு ஆளற்பாலதன்று. தாய் மூத்த மகனுக்கு முழுவதையும் அளித்து, அதிற் பாதியைத் தன் இரண்டாங் கணவனுக்குக் கொடுக்குமாறு அவனோடு முன்னரே உடன்படின், அந்த நியமனம் செல்லாது. சட்டம் இதனை அதிகாரத்தின் மீதான மோசடி என்னும். இங்கு மோசடி என்பது நேர்மையீனத்தையே குறிக்கவேண்டுவதில்லை. அதிகாரம் தரப்பட்ட நோக்கத்திற்குப் புறம்பாக அது ஆளப்படுதலே போதும் என, 1915ஆம் ஆண்டு ‘வாச்சர் எதிர் போல்’ என்னும் வழக்கிற் பிரிவிக் கவுன்சில் விளக்கிற்று.

இறந்தோன் மீண்டு வந்து வினவான். அவன் வைத்த நம்பிக்கைக்குக் காவலாக நிற்பது இவ்விதியே.