தொட்டிக்கு யார் ஒயர் இழுப்பது?

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹாட் டப் வாங்கும் பல குடும்பங்களுக்கு, தொட்டி கொல்லைப்புறத்தில் வந்து இறங்கிய பிறகுதான் அடுத்த செலவு கண்ணில் படுகிறது. அது எலக்ட்ரீஷியனின் கூலி. வீட்டுக்குள் இருக்கும் பிரேக்கர் பெட்டியிலிருந்து தொட்டிவரை பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, கம்பி இழுத்து, நடுவில் ஒரு சுவிட்சுப் பெட்டியும் வைத்தால் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். வீட்டில் விளக்கு, சுவிட்ச் எல்லாம் தானே மாற்றிப் பழகியவருக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வரும். மொத்தம் நாலு கம்பிதானே, நாமே இழுத்தால் என்ன?

நியாயமான யோசனைதான். அதற்குப் பதில் தேடுமுன் அந்தத் தொட்டி என்ன எந்திரம் என்று பார்த்துவிடுவோம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொழில் தொடங்கிய இத்தாலியக் குடும்பம் ஜக்கூஸி சகோதரர்கள். விமானத்துக்குப் புரொப்பல்லர் செய்தார்கள். பிறகு கிணற்றுக்குப் பம்பு செய்தார்கள். சகோதரர்களில் இளையவரான கேண்டிடோவின் மகன் கென்னத்துக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் சுழலும் வெந்நீரில் குழந்தைக்கு வலி குறைவதைப் பார்த்த தகப்பன், அதே சிகிச்சை வீட்டிலும் கிடைக்கட்டும் என்று குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். 1956இல் அது சந்தைக்கு வந்தது. 1968இல் அதே குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ராய் ஜக்கூஸி, பம்பையும் தொட்டியையும் ஒன்றாக்கி விற்றார். இன்றைய ஹாட் டப்பில் பம்பு, ஹீட்டர், கட்டுப்பாட்டுப் பலகை மூன்றும் தொட்டியின் பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மனிதர் உட்கார்ந்திருக்கும் நீரிலிருந்து ஓரிரு அடி தூரத்தில் 240 வோல்ட் இருக்கிறது.

ஏன் 240? ஒரு நடுத்தரத் தொட்டியில் சுமார் 1500 லிட்டர் நீர் பிடிக்கும். அதை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 44 யூனிட் மின்சாரம் வேண்டும். 5.5 கிலோவாட் ஹீட்டர் அதை 8 மணி நேரத்தில் முடிக்கும். 120 வோல்ட் பிளக்கில் ஓடும் ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு, வெப்பம் துளியும் வீணாகாவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கும். 40 டிகிரி என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் உச்ச வரம்பு. அதற்குமேல் சூடாக்கக் கூடாது.

இதனால் சந்தையில் இரண்டு வகைத் தொட்டிகள் இருக்கின்றன. சிறிய வகை, 120 வோல்ட் பிளக்கில் செருகினாலே ஓடும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி அதன் ஒயரிலேயே இருக்கும். வேறெதுவும் இல்லாத தனி சர்க்யூட்டும், வெளிப்புறத்துக்கு ஏற்ற சாக்கெட்டும் ஏற்கெனவே இருந்தால் ஒயரிங் பேச்சே இல்லை. மெதுவாகச் சூடாவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மட்டும் இதை ஓட்டக்கூடாது. கேள்வி எழுவது இரண்டாவது வகைக்கு: 240 வோல்ட், பெரும்பாலும் 50 ஆம்பியர் பிரேக்கர்.

நம் ஊர் வீட்டில் ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த். வட அமெரிக்க வீட்டுக்கு வருவது வேறு மாதிரி. வெளியே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளை நடுவில் பிரித்து அங்கே நியூட்ரல் எடுக்கிறார்கள். இரு முனைகளிலிருந்தும் இரண்டு லைவ் கம்பிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டுக்கும் இடையே 240. ஹீட்டர் 240இல் ஓடும். உள்ளே இருக்கும் சில சின்னக் கருவிகளுக்கு 120 போதும். ஆகவே பெரும்பாலான தொட்டிகளுக்கு இரண்டு லைவ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த் என்று நாலு கம்பி. இந்த நாலையும் இடம் பார்த்து முறுக்கிவிட்டால் தொட்டி ஓடத் தொடங்கிவிடும். அது கடினமான வேலை அல்ல.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பிரேக்கர் யாரைக் காப்பாற்ற வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அது கம்பியைக் காப்பாற்ற வைக்கப்பட்டது. 50 ஆம்பியருக்கு மேல் ஓடினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும், அதற்குமுன் துண்டிக்கும். மனித உடலின் கணக்கு அதற்கு எட்டாத அளவு சிறியது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சியல், 1940களில் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எந்த அளவுக்கு மேல் போனால் தசை இறுகி, விட நினைத்தாலும் கை விடாது என்பதை அளந்தார். 134 ஆண்களின் சராசரி ஏறத்தாழ 16 மில்லிஆம்பியர். 28 பெண்களின் சராசரி 10.5. ஒரு மில்லிஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மில்லிஆம்பியர் நெஞ்சு வழியே சில நொடி பாய்ந்தால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம். நனைந்த உடலின் மின்தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 120 வோல்ட் அதில் 120 மில்லிஆம்பியரை ஓட்டும். நீரில் மூழ்கிய உடலுக்குத் தடை இன்னும் குறைவு. 50 ஆம்பியர் பிரேக்கருக்கு இது கண்ணிலேயே படாது.

டால்சியல் அந்த எண்களோடு நிற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில், சில மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். ஜிஎஃப்சிஐ என்று அங்கே சொல்வது அதைத்தான். கடையில் மாலையில் கல்லாவைச் சரிபார்ப்பதுபோல அது வேலை செய்கிறது. போனதும் வந்ததும் பொருந்த வேண்டும். லைவ் கம்பிகளும் நியூட்ரலும் சேர்ந்து ஒரே இரும்பு வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. போன மின்னோட்டம் முழுதும் திரும்பி வந்தால் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் குறைந்தால், அது வேறு வழியில், ஒருவேளை ஒருவர் உடல் வழியே, மண்ணுக்குப் போயிருக்கிறது. 4 முதல் 6 மில்லிஆம்பியர் வித்தியாசத்திலேயே கருவி துண்டிக்கிறது. நம் வீடுகளில் வைக்கும் ஆர்சிசிபியின் வழக்கமான அளவு 30 மில்லிஆம்பியர். இதயத்தைக் காக்க அது போதும். அமெரிக்க வரம்பு அதைவிடக் குறைவாக இருப்பதில் தொட்டிக்குள் இருப்பவருக்குப் பெரிய நன்மை உண்டு. இதயம் நிற்காவிட்டாலும், தசை இறுகி நீருக்குள் தலை போய்விட்டால் முடிந்தது. ஐந்து மில்லிஆம்பியரில் துண்டித்தால் கை கால் நம் வசத்திலேயே இருக்கும்.

இரண்டாவது காவல், சமமின்னழுத்தப் பிணைப்பு. நீர், பம்பின் உலோக உடல், பக்கத்தில் உள்ள கைப்பிடிக் கம்பி, காலடிக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு எல்லாவற்றையும் தடித்த செப்புக் கம்பியால் ஒன்றாகக் கட்டுவது. எங்கோ பழுதாகி மின்னழுத்தம் ஏறினாலும் எல்லாம் சேர்ந்தே ஏறும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் இல்லாத இடத்தில் உடல் வழியே ஓட்டம் இல்லை. எர்த் கம்பி வேறு, இது வேறு. பழகிய கைகள்கூட இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. அமெரிக்க விதிப்படி, வெளியில் வைக்கும் தயார்நிலைத் தொட்டியின் விளிம்பு சுற்றுத்தரையைவிடக் குறைந்தது 28 அங்குலம் உயரமாக இருந்து, வேறு சில நிபந்தனைகளும் நிறைவேறினால், தொட்டியைச் சுற்றித் தரைக்குள் பதிக்கும் செப்பு வளையம் வேண்டாம். தரைமட்டத்துக்கு இறக்கிப் பதித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

மூன்றாவது, திருகின் இறுக்கம். 40 ஆம்பியர் ஓடும் இடத்தில், சரியாக முறுக்காத ஒரு திருகு 0.05 ஓம் தடை கொடுத்தால், அந்தப் புள்ளியில் மட்டும் 80 வாட் வெப்பம் உருவாகிறது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், மணிக்கணக்காக. எந்தத் திருகை எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். அதற்கென அளவு காட்டும் முறுக்கி உண்டு.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கவலை என்னவென்று புரியும். பிணைப்புக் கம்பியே போடாவிட்டாலும் நீர் சூடாகும். எர்த் அறுந்திருந்தாலும் குமிழி வரும். தளர்ந்த திருகோடு மாதக்கணக்கில் விளக்கு எரியும். உயிரைக் காக்கும் பாகங்கள் எதற்கும் அன்றாட ஓட்டத்தில் பங்கில்லை. பழுது வரும் நாளில்தான் அவை வேலைக்கு வருகின்றன. ஆகவே தொட்டி நன்றாக ஓடுகிறது என்பது ஒயரிங் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. இன்னொரு கண் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் அனுமதிச் சீட்டும் ஆய்வும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் தொடவே கூடாது. அமெரிக்காவில் பல இடங்களில் வீட்டுக்காரர் அனுமதி வாங்கித் தன் வீட்டில் செய்யலாம். நம்மவர்கள் நிறைந்த டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவிலும், மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து ஆய்வுக்கு உட்பட்டால், சொந்த வீட்டில் செய்யலாம். ஆனால் காசு கொடுத்துச் செய்விப்பதானால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராகவே இருக்க வேண்டும். "தெரிந்த அண்ணா ஒருவர் வார இறுதியில் வந்து குறைந்த காசுக்குப் போட்டுத் தருவார்" என்ற ஏற்பாடு இருக்கிறதே, அங்கே நிலவும் வழிகளில் மிக மோசமானது அதுதான். அறிவிப்பும் இருக்காது, ஆய்வும் இருக்காது.

என் முடிவு இப்படி. பிரேக்கர் பெட்டியைத் திறக்காதீர்கள். அமெரிக்கப் பெட்டிகளில் மெயினை அணைத்த பிறகும், தெருவிலிருந்து வரும் கம்பிகள் பொருந்தும் முனைகள் உயிரோடுதான் இருக்கும். நூறு ஆம்பியர் மட்டுமே வரும் பழைய வீட்டில் அடுப்பு, துணி உலர்த்தி, மின்கார் சார்ஜர் ஆகியவற்றோடு இன்னும் 50 ஆம்பியரைத் தாங்குமா என்ற கணக்கையும் எலக்ட்ரீஷியன் போடட்டும். அவரிடமே கேட்டு மீதி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். பணத்தில் கணிசமான பங்கு போவது பள்ளத்துக்கும் குழாய்க்கும்தான். அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால் நிலத்தடி எரிவாயுக் குழாயும் கேபிளும் போகும் தடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். ஒன்டாரியோவிலும் அப்படி ஒரு சேவை உண்டு. அதற்குப் பிறகு மண்வெட்டி உங்களுடையது. பிளாஸ்டிக் குழாயானால் பொதுவாக 18 அங்குல ஆழம். தொட்டிக்கான துண்டிப்புப் பெட்டி, தொட்டியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். ஆனால் நீரின் விளிம்பிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி இருக்க வேண்டும், குளிப்பவர் கை எட்டக்கூடாது என்பதற்காக.

முதல் நாள் மின்சாரம் கொடுத்ததுமே ஜிஎஃப்சிஐ விழுந்தால், அடிக்கடி காணப்படும் காரணம் ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து வரும் நியூட்ரல், கருவியின் நியூட்ரல் முனையில் இல்லாமல் பெட்டியின் பொதுப் பட்டையில் மாட்டப்பட்டிருக்கும். திரும்பி வரும் ஓட்டம் வளையத்துக்குள் நுழையாததால் அதைக் கசிவு என்றே கருவி எண்ணுகிறது. இல்லையென்றால் ஹீட்டரில் உண்மையிலேயே கசிவு இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள். கருவி தொல்லை தருகிறது என்று அந்த இடத்தில் சாதாரண பிரேக்கரை மாட்டி ஓட்ட யார் யோசனை சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பள்ளத்தையும், ஆய்வாளர் வந்து குழாயைப் பார்க்கும்வரை மூடாதீர்கள்.