ஸ்கூட்டர் எந்திரக் குளிர்விப்பு விசிறி

ஸ்கூட்டர் எந்திரக் குளிர்விப்பு விசிறி என்பது, உடற்தகடுகளுக்குள் மறைந்திருக்கும் ஸ்கூட்டர் எந்திரத்தின் மீது காற்றைச் செலுத்தி, அதன் வெப்பத்தை வெளியேற்றும் உறுப்பு ஆகும். இம்முறை விசைக்காற்றுக் குளிர்விப்பு எனப்படும். சென்னைப் பட்டறைகளில் இவ்விசிறி கூலிங் ஃபேன் என்றும், அதன் மேலுள்ள மூடி ஃபேன் கவர் என்றும் வழங்கப்படுகின்றன.

தேவை

மோட்டார் சைக்கிளின் எந்திரம் திறந்த வெளியில், சட்டத்தின் நடுவே அமைந்துள்ளது. வண்டி ஓடும்போது எதிர்ப்படும் காற்றே அதைக் குளிர்விக்கப் போதுமானது. 1946 இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பாவில் எந்திரம் பின்சக்கரத்தின் அருகே தகட்டு உறைக்குள் வைக்கப்பட்டது. ஓட்டுபவரின் உடையில் எண்ணெய் படாதிருக்க இது உதவியது. ஆனால் எதிர்க்காற்று எந்திரத்தை அடையும் வழியும் அடைபட்டது. ஆகவே விசிறி இன்றியமையாததாயிற்று. இந்தியாவில் 1972 இல் அறிமுகமாகிப் பல்லாண்டுகள் விற்பனையான பஜாஜ் சேத்தக், 2001 இல் வந்த ஹோண்டா ஆக்டிவா ஆகிய இரண்டுமே இம்முறையைப் பின்பற்றியவை.

அமைப்பு

மகிழுந்துகளில் காணப்படுவது போல இவ்விசிறிக்குத் தனி மின்னோடி, உருகி, வெப்பநிலை ஆளி எதுவும் கிடையாது. கிராங்க் தண்டின் முனையிலுள்ள மேக்னெட்டோ சக்கரத்துடனேயே விசிறி இணைந்திருக்கும். பழைய சேத்தக் வகைகளில் இதழ்கள் அச்சக்கரத்தின் பகுதியாகவே வார்க்கப்பட்டிருந்தன. பிற்கால வண்டிகளில் நெகிழி விசிறி திருகாணிகளால் பொருத்தப்படுகிறது. இது மையவிலக்கு வகை விசிறி: நடுவில் காற்றை உள்ளிழுத்து விளிம்பு வழியே வீசுகிறது. அக்காற்றைச் சிதறவிடாமல் சிலிண்டரின் துடுப்புகளுக்கு இட்டுச் செல்வது உறையாகும்.

எந்திரம் சுழன்றால் விசிறியும் சுழன்றே ஆகும். எனவே, எந்திரம் சூடேறும்போது "விசிறி ஓடுகிறதா?" என்ற கேள்வியால் பயன் அதிகமில்லை, "காற்று துடுப்புகளைச் சென்றடைகிறதா?" என்பதே கேட்கவேண்டியது. விசிறி நன்றாக இருந்தும் உறையின் ஒரு துண்டு இல்லாததால் எந்திரம் கெடுவது உண்டு.

தானியங்கிப் பல்லிணை கொண்ட ஸ்கூட்டர்களில் மற்றொரு விசிறியும் இருப்பதால் குழப்பம் நேரலாம். இடப்புறப் பெட்டிக்குள் உள்ள இதழ்கள் பெல்ட்டைக் குளிர்விப்பவை. எந்திரத்தைக் குளிர்விப்பது, ஆக்டிவா போன்ற வண்டிகளில், வலப்புறம் உள்ளதாகும்.

வெயிலும் நெரிசலும்

சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 பாகை செல்சியசைத் தொட்டது. கோடையில் எந்திரம் சூடேறினால் வெயிலின் மீது பழி போடுவது வழக்கம். கணக்கு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. துடுப்புகள் 150 பாகையில் உள்ளன எனக் கொள்வோம். வெளிக்காற்று 30 பாகையிலிருந்து 40 ஆக உயர்ந்தால், இரண்டிற்குமான வேறுபாடு 120 இலிருந்து 110 ஆகக் குறைகிறது. குளிர்விக்கும் திறன் ஏறத்தாழ 8 விழுக்காடே குறையும். காற்று நுழையும் வலையில் பாதி அடைபட்டால் ஏற்படும் இழப்பு இதனினும் மிகப் பெரியது.

தியாகராய நகரின் உசுமான் சாலையிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் வண்டிகள் நெடுநேரம் ஊர்ந்து செல்கின்றன. விசிறி வண்டியின் வேகத்தைச் சார்ந்திராததால், நல்ல நிலையிலுள்ள ஸ்கூட்டர் இதைத் தாங்கும். ஆனால் நெரிசலில் வேறு காற்று ஏதுமில்லை. விசிறிப் பாதையில் சிறு குறை இருந்தாலும் அங்கேதான் அது முதலில் வெளிப்படும்.

பழுதறிதல்

பெரும்பாலான காற்றுக்குளிர்விப்பு ஸ்கூட்டர்களில் வெப்பநிலை காட்டி இல்லை. சூடேறிய பின் இழுவை குறைதல், முடுக்கும்போது உலோகத் தட்டல் ஒலி, எண்ணெய் கருகும் வாடை, நின்றபின் ஆறும்வரை கிளம்பாமை ஆகியவையே அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் பிஸ்டன் வளையங்களை மாற்றுவது செலவு மிக்க வழி. காற்றுப்பாதையைப் பார்க்கத் திருப்புளி ஒன்றே போதும்.

எந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, முதலில் உறையின் வலையைப் பார்க்கவேண்டும். சேறு, காய்ந்த இலை, உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்ட நெகிழிப்பை ஆகியவை அங்கே தங்கும். மெட்ரோ இரயில் பணிகள் நடக்கும் சாலைகளில் நாள்தோறும் செல்லும் வண்டிகளில் புழுதி விரைவில் சேர்கிறது. எண்ணெய்க் கசிவும் இருந்தால் அப்புழுதி துடுப்புகளுக்கிடையே களிம்பாகப் படிந்து, வெப்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

அடுத்து உறை. விரிசல், விடுபட்ட திருகாணி, சிலிண்டர் மூடியோடு பொருந்தாத இணைப்பு என எந்த இடைவெளி வழியாகவும் காற்று வெளியேறிவிடும். பழுதுபார்த்தபின் உறையைத் திரும்ப மாட்டாமல் விடுவது எந்திரத்திற்குச் செய்யும் பெருந்தீங்கு. "காற்று நன்றாகப் படட்டும்" என்று கழற்றி வைப்போரும் உண்டு, விளைவு நேர்மாறானது. இருவீச்சு எந்திரங்களில் இதனால் பிஸ்டன் சிலிண்டருடன் இறுகி, பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளக்கூடும்.

பிறகு விசிறி. ஒன்றிரண்டு இதழ்கள் உடைந்தால் காற்றின் இழப்பைவிட அதிர்வே பெரிய கேடு. அது கிராங்க் தண்டின் பேரிங்கைத் தேய்க்கும். சேத்தக் வகைகளில் சக்கரத்தின் நட்டைக் கழற்றும்போது இதழ்களுக்கிடையே திருப்புளியைச் செருகிப் பிடிப்பதால் அவை உடைவதுண்டு. அதற்கெனப் பிடிகருவி இருக்கிறது. உராயும் ஒலி கேட்டால் விசிறியின் திருகாணி தளர்ந்திருக்கலாம், அல்லது உறை வளைந்து இதழைத் தொடலாம்.

எல்லாவற்றையும் மாட்டியபின் எந்திரத்தை ஓடவிட்டு, வலையைவிடப் பெரிய தாளை அதன் முன் காட்டினால் அது உள்நோக்கி இழுக்கப்படவேண்டும். விரலையோ துணியையோ அருகில் கொண்டுசெல்லலாகாது. இழுவிசை நன்றாக இருந்தும் சூடு தொடர்ந்தால், குறைந்த எண்ணெய், எரிபொருள் குறைந்த கலவை, விடாமல் உரசும் பிரேக் ஆகியவற்றை ஆராயவேண்டும். நால்வீச்சு ஸ்கூட்டர்களில் எண்ணெயின் அளவே பொதுவாக ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால் சிறு குறைவும் பொருட்படுத்தத்தக்கது.

உடைந்த உறைக்கு மாற்று, அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பழைய பாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையிலும் தேடப்படுகிறது. பழையதை வாங்குவோர் கொக்கிகள் முறியாதிருப்பதைப் பார்த்து வாங்குவது நலம்.

வெள்ளத்திற்குப் பின்

2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய ஸ்கூட்டரை உடனே கிளப்பலாகாது; சிலிண்டருக்குள் நீர் இருந்தால் இணைப்புத்தண்டு வளையும். நீரை வடித்து எண்ணெயை மாற்றியபின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: உறைக்குள் தங்கிய வண்டல். வெளிப்புறம் கழுவப்பட்டுப் பளபளக்கும் வண்டியிலும் துடுப்புகளின் இடைவெளி களிமண்ணால் நிறைந்திருக்கலாம். வெள்ளத்தில் தப்பிய எந்திரம் அடுத்த கோடையில் இதனால் கெடக்கூடும். உறையைக் கழற்றி, மென்மையான தூரிகையால் வண்டலை நீக்கியபின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரவேண்டும்.

திரவக் குளிர்விப்பு

இந்தியாவில் 2021 இல் வந்த யமஹா ஏராக்ஸ் 155 போன்ற சில ஸ்கூட்டர்களில் குளிர்விப்புத் திரவமும் ரேடியேட்டரும் உள்ளன. மின்விசிறி கொண்ட திரவக்குளிர்விப்பு வண்டிகளில் மட்டுமே உருகி, ரிலே, வெப்பநிலை உணரி ஆகியவற்றைச் சோதிப்பது பொருந்தும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும்.