கணினித் தொடக்கப் பழுது

கணினித் தொடக்கப் பழுது என்பது, மின்விசையை அழுத்திய பின்னர் ஒரு கணினி தன் இயங்குதளம் வரை சென்று சேராது இடையில் நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். கணினி தொடங்குவது ஒரே செயலாகத் தோன்றினாலும், அது ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல படிகளைக் கொண்டது. எந்தப் படியில் நின்றது என்று அறிந்தால் பழுது எங்குள்ளது என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். பலர் இதைப் பாராது, முதல் வேலையாக வன்தட்டை அழித்து இயங்குதளத்தை மீள நிறுவுகின்றனர். கோப்புகளும் ஒளிப்படங்களும் போய்விடுகின்றன. பழுதோ நினைவகத்தில் இருந்திருக்கும்.

மின்சாரம்

விசிறி சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை எனில் இயங்குதளத்தை ஐயுறத் தேவையில்லை. மின்கம்பி, மின்வழங்கியின் பின்புற விசை ஆகியவற்றை முதலில் பார்த்தல் வேண்டும். மின்வழங்கியைத் திறத்தல் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

தற்சோதனை

மின்சாரம் கிடைத்ததும் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் அல்லது அதன் வழித்தோன்றலான யூஇஎஃப்ஐ என்னும் நிலைபொருள், நினைவகம், திரை அட்டை முதலியவற்றைச் சோதிக்கின்றது. 1981 இல் வெளிவந்த ஐபிஎம் பீசியிலேயே இச்சோதனை இருந்தது. அதில் குறுகிய ஒலி ஒன்று எழுந்தால் எல்லாம் சரி. நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலி இரண்டும் எழுந்தால் திரை அட்டையில் குறை. ஒலிக்குறிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்ப்பதே முறை. அண்மைக்காலப் பலகைகள் சிலவற்றில் ஒலிக்குப் பதிலாகச் சிறு விளக்குகள் உள்ளன.

விசிறி சுழன்றும் திரை கருமையாகவே இருப்பின், நினைவகத் தகடு தளர்ந்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். மின்னிணைப்பை நீக்கி, தகட்டைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். தகடுகள் பல இருப்பின் ஒவ்வொன்றாக மட்டும் பொருத்திப் பார்த்தால் பழுதானது தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நாள், நேரம் பின்னோக்கிச் சென்றுவிடுமானால் தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட்டு நாணய மின்கலம் தீர்ந்திருக்கலாம். இது செலவு மிகக் குறைந்த பழுது.

இயங்குதள ஏற்றம்

தொடங்கத்தக்க சாதனம் இல்லை என்னும் பொருள்படும் செய்தி தோன்றினால், செருகியபடி மறந்துவிட்ட யூஎஸ்பி நினைவியை முதலில் அகற்ற வேண்டும். அடுத்து நிலைபொருளின் அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் உள்ளதா என்று நோக்க வேண்டும். பெயர் இல்லையெனில் வடமோ வன்தட்டோ பழுது. பெயர் இருந்தும் தொடங்கவில்லையெனில் தொடக்கக் கோப்புகள் சிதைந்திருக்கக்கூடும். அல்லது சாதனங்களின் தொடக்க வரிசை மாறியிருக்கும்.

சுழலும் வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஒலி கேட்டால் உடனே நிறுத்துதல் நன்று. மீண்டும் மீண்டும் இயக்குவது தரவு மீட்பை மேலும் கடினமாக்கும்.

வன்தட்டு நலமாக இருப்பின், யூஎஸ்பி நினைவியிலிருந்தே இயங்கும் லினக்சு ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடக்கி, கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுக்கலாம். பழுதுபார்ப்பு இதன் பின்னரே. பிட்லாக்கரால் மறைகுறியாக்கப்பட்ட வன்தட்டாயின் 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவைப்படும். நிலைபொருளின் அமைப்புகளை மாற்றினாலும் விண்டோசு அதைக் கேட்கக்கூடும். ஆகவே அமைப்புகளில் கைவைக்குமுன் திறவுகோல் எங்குள்ளது எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோசு 7 வரை எஃப்8 விசையால் பாதுகாப்பு நிலைக்குச் செல்ல முடிந்தது. விண்டோசு 10, 11 ஆகியவற்றில் தொடக்கம் அடுத்தடுத்துத் தோல்வியுற்றால் மீட்புத் திரை தானே தோன்றும். பாதுகாப்பு நிலைக்கு அதன்வழிச் செல்லலாம்.