கப்பலோடு போன கேப்டன்

கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது. கையில் ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அதைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

1971 டிசம்பர் 9, இரவு நேரம். வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தது. டையூ கரைக்கு அப்பால், அரபிக்கடலில் நம் கடற்படையின் ‘குக்ரி’ போர்க்கப்பல் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நீர்மூழ்கி ‘ஹங்கோர்’, கடலுக்கடியில் சத்தமில்லாமல் பதுங்கியபடி குக்ரியைத்தான் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

பாய்ந்து வந்தது டார்பிடோ. தண்ணீருக்குள்ளேயே ஓடிவரும் வெடிகுண்டு அது. கப்பல் எழுப்பும் சத்தத்தை வைத்தே துரத்தி வந்துவிடும். வெடித்த சில நிமிடங்களில் குக்ரி மூழ்கத் தொடங்கியது. கும்மிருட்டு வேறு.

கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை மாலுமி ஒருவரிடம் கொடுத்தார். முடிந்தவரை எல்லோரையும் கடலில் குதிக்கவைத்தார். அவர் மட்டும் நகரவில்லை. கப்பலோடேயே போய்விட்டார். அன்றிரவு அவரோடு சேர்த்து 190-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பி வரவில்லை.

முல்லாவுக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. டையூவில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிக் கூட்டுக்குள் குக்ரியின் சிறிய மாதிரிக் கப்பல் நிற்கிறது. அந்தப் பக்கம் போனீர்களென்றால், ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிட்டு வாருங்கள்.