இந்தியாவில் மருத்துவ முதுநிலைத் துறைத் தெரிவு

மருத்துவ முதுநிலைத் துறைத் தெரிவு என்பது, எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எம்.டி., எம்.எஸ். ஆகிய மூன்றாண்டுப் படிப்புகளில் எந்தத் துறையில் சேர்வது என முடிவு செய்யும் நடைமுறையாகும். விருப்பம், கல்லூரி அனுபவம், குடும்பச் சூழல் ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு. எனினும் இந்தியாவில் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முதுநிலை நீட் தேர்வின் தரவரிசையே.

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணியையும் கொண்டது. அந்த ஓராண்டில் மாணவர் துறை துறையாக மாறிப் பணியாற்றுகிறார். பிரசவ அறையில் கழித்த ஓர் இரவு ஒருவரை மகப்பேறு மருத்துவத்தின்பால் ஈர்க்கலாம். அதே இரவு இன்னொருவரை அத்துறையிலிருந்து முற்றாக விலக்கவும் செய்யலாம். ஆனால் நீட் தேர்வுக்குப் படிக்க வேண்டியதும் அந்த ஆண்டில்தான். துறைகளை அருகிலிருந்து அறிவதற்கான காலம் வினா வங்கிகளோடு கழிந்துவிடுவது இம்முறையின் பெரிய குறை.

2012-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வில் 200 கொள்குறி வினாக்கள், 800 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். அறுவை மருத்துவராக விரும்புபவருக்கும் உடற்கூறியல் ஆசிரியராக விரும்புபவருக்கும் ஒரே வினாத்தாள்தான். கைத்திறன், நோயாளியிடம் பேசும் பாங்கு போன்றவை இதில் அளக்கப்படுவதில்லை.

பின்னர் இணையவழிக் கலந்தாய்வில் மாணவர்கள் கல்லூரியையும் துறையையும் வரிசைப்படுத்திப் பதிகின்றனர். கதிரியக்கவியல், பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகிய இடங்கள் முதலில் நிரம்பிவிடும். கதிரியக்கவியலிலும் தோல் மருத்துவத்திலும் வருமான வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவத்தில் நள்ளிரவு அவசர அழைப்புகளும் குறைவு. பொது மருத்துவம் இதயவியல், நரம்பியல் போன்ற உயர் சிறப்புப் படிப்புகளுக்கு வாயிலாக அமைகிறது. நடுத்தரத் தரவரிசை பெற்றவருக்கே சிக்கல் மிகுதி: விரும்பிய துறையைப் பெருங்கட்டணத்தில் தனியார் கல்லூரியில் எடுப்பதா, கிடைத்த துறையை அரசுக் கல்லூரியில் எடுப்பதா, இன்னோராண்டு படித்து மீண்டும் எழுதுவதா? மறுபுறம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் இடங்கள் ஆண்டுதோறும் காலியாகக் கிடக்கின்றன. 2023-இல் காலியிடங்களை நிரப்புவதற்காகத் தகுதிச் சதமானம் அனைத்துப் பிரிவினருக்கும் பூஜ்யமாகக் குறைக்கப்பட்டது.

இத்தெரிவை எளிதில் மாற்ற இயலாது. இதயவியலில் டி.எம். படிக்கப் பொது மருத்துவம் போன்ற குறிப்பிட்ட எம்.டி. பட்டங்கள் வேண்டும், உடலியங்கியலில் எம்.டி. பெற்றவருக்கு அவ்வழி இல்லை. சேர்ந்த இடத்தை இடையில் விட்டு விலகினால் பல மாநிலங்களில் பெருந்தொகை கட்ட நேரிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உள்ளது. அரசு மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி இவ்வாறு பணியில் உள்ளோருக்குச் செல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தபின் துறையைத் தெரிவு செய்யும் இவர்கள், படிப்பு முடிந்ததும் அரசுப் பணிக்கே திரும்புகின்றனர். வட்ட, மாவட்ட மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுகளுக்குத் தேவையான மகப்பேறு, மயக்கவியல், குழந்தைகள் நல மருத்துவர்களில் பலர் இவ்வழியே வருபவர்கள்.